பூச்சியத்தில் நாற்பது வீதம்

கருவேலங்குடாப் பிரதேச சபை உலகத்தின் சூட்டைத் தணிப்பதாகக் கையெழுத்துப் போட்ட அதே கிழமையில்தான் மரியதாஸ் பாண் சுடும் தன் போறணைக்கு உரிமம் கேட்டு மனுக் கொடுத்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வீட்டில், புத்தி பேதலித்தவனுக்குக் கொடுப்பதுபோல, அவனுக்கு மடுமாதா கோயில் மண்ணைக் கரைத்துப் பருக்கியிருப்பார்கள்.

அவன் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கடைசிச் சண்டைக்கு முன்னர் அவனுடைய ஊரான இலுப்பைமோட்டையில் பாண் போட்டவர்கள் அவனும் அவனுடைய அண்ணன் லோறன்சும். மலைநாட்டுக் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து மன்னார்க் கரையில் குடியேறிய குடும்பம். இவர்களுக்குத் தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஹற்றனில் ஒரு பேக்கரியில் வேலை பழகியிருந்த லோறன்ஸ் செங்கல்லையும் களிமண்ணையும் கொண்டு ஒரு போறணை கட்டினான். அதற்குப் பிறகு ஊர் விடிந்ததே பாண் மணத்தில்தான்.

இப்போது சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பிய சனம் தகரக் கொட்டில்களில் இருந்தது. லோறன்ஸ் இல்லை. போறணை இருந்தது, சுவரில் நாலைந்து ஓட்டைகளோடு. அதன் இரும்புக் கதவை மட்டும் ஊர் வெறுமையாகக் கிடந்த காலத்தில் பழைய இரும்பு பொறுக்கியவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மரியதாஸ் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தான். ஒரு தொண்டு நிறுவனம் மா பிசையும் மேசையும் பாண் அச்சுகளும் புதுக் கதவும் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை, சபையின் உரிமத்தைக் காட்டவேண்டும். அதுவும் மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு முன்னர். இல்லையென்றால் சாமான்கள் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஆவணித் திருவிழாவோடு மரியதாசுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்குப் பாணை மடுவுக்குக் கொண்டுபோய் நடந்துவரும் யாத்திரிகர்களுக்குக் கொடுப்பது லோறன்சின் நேர்த்திக்கடன். இந்த வருஷம் அதை அண்ணன் பேரில் கொடுப்பதென்று மரியதாஸ் நேர்ந்திருந்தான். வேறொருவரின் பாணை வாங்கிக் கொடுத்தால் அது நேர்த்தியாகாது.

சபைக் கந்தோரில் அவனுடைய மனுவை வாங்கியவர் செயலாளர் மங்கையற்கரசி. நல்ல மனுஷி. மனுவை முழுக்க வாசித்தார். சபை வரலாற்றில் அது நடப்பது குறைவு.

“போறணையெண்டால் புகை வரும்தானே?” என்று கேட்டார்.

“ஓம் மிஸ், பாண் வேகுமட்டும் வரும்.”

“அப்ப இது என்ர மேசை இல்லை” என்று சொல்லி, பின்பக்கம் இருந்த சைக்கிள் கொட்டகையைக் காட்டினார். அது இப்போது காலநிலைப் பிரிவு.

சபைக்குக் காலநிலை வந்து சேர்ந்த கதையையும் சொல்லவேண்டும். தவிசாளர் சரவணமுத்து சங்கக்கடை முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். அவருடைய தங்கச்சி டென்மார்க்கில் இருக்கிறாள். ‘உலக உள்ளூர்ச் சபைகளின் காலநிலைக் கூட்டமைப்பு’ என்று ஒன்று உண்டு என்பதும், அதன் மாநாடு வருஷாவருஷம் தங்கச்சி இருக்கும் பட்டணத்தில்தான் நடக்கும் என்பதும் தெரியவந்த நாளிலிருந்து அவருக்குப் பூமியின் மேல் பெரிய கவலை வந்துவிட்டது. நல்ல எண்ணம் எந்த வாசலால் வந்தால் என்ன? சபைக்கு அப்போது இருந்தவை தள்ளினால் ஓடும் ஒரு உழவு மெசினும், சில்லில்லாத ஒரு தண்ணீர் பவுசரும்தான். அவற்றை வைத்துக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.

காலநிலைப் பிரிவில் இருந்தவன் பார்த்தீபன் என்ற பட்டதாரிப் பயிலுநர். நீர்கொழும்புக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பட்டறைக்குப் போய் வந்தவன். அங்கே கிடைத்த சான்றிதழைச் சைக்கிள் கொழுவும் ஆணியில் தொங்கவிட்டிருந்தான். மரியதாசுக்குக் கதிரை எடுத்துப் போட்டான்.

“குறை நினையாதேங்கோ அண்ணை. எங்கட சபை புகையை நாற்பது வீதம் குறைக்கிறதெண்டு உலகத்துக்கு வாக்குக் குடுத்திட்டுது.”

“எதிலயிருந்து குறைக்கிறது தம்பி?”

“அடிப்படை ஆண்டிலயிருந்து. இரண்டாயிரத்து எட்டு.”

ஏன் அந்த ஆண்டு என்றால், சபையிடம் வேறு ஆண்டு இருக்கவில்லை. மற்ற ஆண்டுகளின் கோப்புகளெல்லாம் கட்டடத்தோடு எரிந்துபோயின. இரண்டாயிரத்து எட்டில் சபைக்கு ஊரும் இல்லை, சனமும் இல்லை. பட்டணத்தில் யாரோ ஒருவருடைய கந்தோரின் மூலையில், இரவல் கதிரையில் இருந்தபடி அது மாதாமாதம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. வரி, இல்லை. தெருவிளக்கு, இல்லை. கட்டாக்காலி மாடு, இல்லை. அப்படியே புகையும் இல்லை என்று பார்த்தீபன் எடுத்துக்கொண்டான்.

மரியதாஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பூச்சியத்தில் நாற்பது வீதம் எவ்வளவு என்று கேட்டான். தாங்களும் அதைத்தான் கூட்டமைப்பிடம் எழுதிக் கேட்டதாகவும், துணிச்சலான இலக்குக்குப் பாராட்டு என்று பதில் வந்திருப்பதாகவும் பார்த்தீபன் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த நிலையில் ஒரு போறணை மூட்டினால் சபையின் புகை முடிவிலி வீதம் கூடும், அதை எழுதக் கணினியில் இடமில்லை என்றான். அவன் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. மரியதாசுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அடுத்த மாதம் சபையின் விசேட அமர்வுக்கு மரியதாசையும் கூப்பிட்டிருந்தார்கள். புகை விடக்கூடியவர் என்ற முறையில் பின்வரிசையில் ஒரு கதிரை. தவிசாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“சனம் திரும்பி வந்தது எனக்குச் சந்தோசம். வரவேற்புக் கூட்டத்தில முதல் மாலை போட்டவன் நான்தான். ஆனால் எல்லாரும் ஒருமிக்க வந்து, ஒருமிக்க அடுப்பு மூட்டினது பிழை. இவை முகாமில இருக்கேக்க எங்கட பிரதேசத்தின்ர காற்று எவ்வளவு சுத்தமாயிருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இதைக் குற்றமாச் சொல்லேல்லை. ஒரு பொறுப்புள்ள சபையாச் சொல்லுறன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தேத்தண்ணியும் பணிசும் வந்தன. பணிசைப் பட்டணத்திலிருந்து சபையின் உழவு மெசின் ஏற்றி வந்தது. அது போகவர விட்ட புகை பட்டணத்துச் சபையின் கணக்கில் சேரும் என்று பார்த்தீபன் விளக்கினான். டீசல் அங்கே அடித்ததாம். அதே நியாயப்படி, காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்கு வரும் பாண்காரனின் முச்சில்லு வண்டியும் அந்தச் சபையின் பாவம்தான். அந்தப் பாண் வந்து சேர வெயில் ஏறிவிடும். அதற்குள் அது செருப்புப் போல ஆகிவிடும்.

அமர்வுக்குப் பிறகு சபை வேகமெடுத்தது. வெள்ளிக்கிழமை புகையில்லாத நாள் என்று அறிவித்தார்கள். அன்றைக்குச் சனம் பழஞ்சோறு தின்றது. ஏற்கெனவே மற்ற நாட்களிலும் அதைத்தான் தின்றது என்பதால் எதிர்ப்பு வரவில்லை. பார்த்தீபன் சைக்கிளில் திரிந்து அடுப்புப் புகைகளை எண்ணினான். அவன் மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்தார்கள். ஈரக் கொள்ளி இன்னும் கூடப் புகைந்தது. மாட்டுப் பட்டியில் நுளம்புக்குப் போடும் வேப்பிலைப் புகைக்குத் தடை வந்தது. நுளம்பு எந்தக் கணக்கிலும் வராத உயிர் என்பதால் அதற்குத் தடை வரவில்லை. கோயில் ஐயரிடம் கர்ப்பூரத்தைச் சிக்கனமாகக் கொளுத்தச் சொன்னார்கள். தேவாலயச் சுவாமியாரிடம் தூபக் கலசத்தை மெதுவாக ஆட்டச் சொன்னார்கள். சபையின் பின்வளவில் குப்பை மட்டும் கேட்பாரில்லாமல் இரவுபகலாக எரிந்துகொண்டிருந்தது. அது தானாகப் பற்றிக்கொண்டது, எவரும் கொளுத்தவில்லை, ஆகவே அது இயற்கை.

மரியதாஸ் திங்களுக்குத் திங்கள் சைக்கிள் கொட்டகைக்குப் போனான். ஆவணி நெருங்கியது. தொண்டு நிறுவனத்துப் பிள்ளை இரண்டு தடவை வந்து உரிமத்தைக் கேட்டுவிட்டுப் போனாள். வீட்டில் மனைவி ஜெனிற்றா ஒன்றும் கேட்பதில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போவாள். அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு திங்களில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த வேலையை அன்றைக்கு அவன் செய்தான்.

“தம்பி, இரண்டாயிரத்து எட்டில புகை இல்லையெண்டு ஆர் சொன்னது? இலுப்பைமோட்டை முழுக்கப் புகைதானே. ஒரு கிழமையா நிண்டு எரிஞ்சது.”

பார்த்தீபன் பேனையை வைத்தான். அவனுடைய முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாகியது. எழுந்து வந்து மரியதாசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அடிப்படை ஆண்டில் புகை இருந்திருக்கிறது. அப்படியென்றால் குறைப்பதற்கு ஒரு தொகை கிடைத்துவிட்டது. எவ்வளவு கூட எரிந்ததோ அவ்வளவு கூடச் சபை குறைத்ததாகிவிடும்.

மறுநாளே அவன் ஊருக்கு வந்து, என்னென்ன எரிந்தது என்று வீடுவீடாகக் கேட்டான். ஊர் திரும்பி இத்தனை வருஷத்தில் சனத்திடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நட்டஈடு வரப்போகிறது என்று நினைத்து எல்லோரும் சுற்றிக் கூடினார்கள். கிடுகுக் கூரை, பனைமரச் சிலாகை, நெல்மூட்டை, வள்ளம், வலை, கலியாணச் சீலை இருந்த அலுமாரி. சொல்லச் சொல்ல அவன் சந்தோசமாக எழுதினான். இன்னும் ஏதாவது இருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்கோ என்று உற்சாகப்படுத்தினான். வள்ளம் சின்னது என்று சொன்னவரிடம், சின்னதெண்டு நினைக்காதேங்கோ ஐயா, எல்லாம் உதவும் என்றான்.

ஜெனிற்றா கடைசியாகத்தான் வாய் திறந்தாள். “போறணைக் கொட்டில். மா மூட்டையள். பிறகு, இவற்ற அண்ணரும்.”

பேனை நின்றது. பார்த்தீபன் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

“அதுக்குக் கட்டம் இல்லை அக்கா” என்றான்.

மரியதாசுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் வந்தது என்று அவனுக்கே பிடிபடவில்லை. எழுந்து போய்ப் போறணைச் சுவரில் காய்ந்த களிமண்ணைத் தடவிக்கொண்டு நின்றான்.

கணக்கு முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. எரிந்தது சரி, எதனால் எரிந்தது என்று கணினி கேட்டது. தவிசாளரும் செயலாளரும் பார்த்தீபனும் கதவைச் சாத்திவிட்டுக் கூடினார்கள். விசாரிக்க வந்து வாசலில் நின்ற மரியதாசுக்கு உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது. சைக்கிள் கொட்டகைக்குக் கதவு மட்டும்தான் இருந்தது, சுவர் அரைவாசிதான்.

“ஷெல் எண்டு எழுதினால் ஆர் அடிச்சதெண்டு கேட்பாங்கள்” என்றார் செயலாளர். “அதுக்குப் பதில் சொல்ல டென்மார்க்குக்குக் கூப்பிட மாட்டாங்கள் சேர். வேற இடத்துக்குக் கூப்பிடுவாங்கள்.”

தவிசாளர் வேறு என்ன போடலாம் என்று கேட்டார். கணினி தந்த தெரிவுகளைப் பார்த்தீபன் வாசித்தான். மின்நிலையம், தொழிற்சாலை, விமானநிலையம், வெதுப்பகம். யுத்தம் என்று ஒரு தெரிவு அதில் இருக்கவில்லை. உலகத்தின் மற்றச் சபைகளுக்கு அது தேவைப்படவில்லைப் போலும். இலுப்பைமோட்டையில் மின்நிலையம் இருந்ததில்லை. விமானநிலையமும் இருந்ததில்லை.

மிஞ்சியது வெதுப்பகம், அதாவது பாண் போடும் இடம். பிறகு தவிசாளர், பாண் போடுறவனுக்கும் ஒரு பேர் கிடைக்கட்டும் என்றார்.

இப்படியாக, கூரையும் வள்ளமும் நெல்லும் அலுமாரியும் எரிந்த புகை அவ்வளவும் மரியதாசின் போறணையின் தலையில் விழுந்தது. இரண்டாயிரத்து எட்டில் அது ஒரு நடுத்தரச் சீமெந்துத் தொழிற்சாலை விடும் புகையை விட்டிருந்தது. இப்போது அது விடுவது பூச்சியம். சபை நாற்பது வீதம் குறைக்க வாக்குக் கொடுத்து நூறு வீதத்துக்குக் கிட்டக் குறைத்துவிட்டது. கூட்டமைப்பு மூன்று பச்சை இலைகளை வழங்கியது. ஆசியாவில் அந்த வருஷம் வேறு எவருக்கும் மூன்று இலை கிடைக்கவில்லை.

அடுத்த திங்கள் மரியதாசை வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். உரிமம் பற்றி இனிப் பேச்சுக்கே இடமில்லை என்று தவிசாளர் அன்பாகச் சொன்னார். “நீர் சாதாரண ஆள் இல்லை ஐசே. மாவட்டத்திலயே பெரிய புகைக்காரன். நீர் திரும்ப மூட்டினால் நாங்கள் உலகத்துக்கு என்ன முகத்தைக் காட்டுறது?” அவனைக் கௌரவிக்க விழா வைத்திருக்கிறார்களாம். கூட்டமைப்பிலிருந்து ஒரு அம்மா வருகிறாவாம். அன்று பின்னேரமே தொண்டு நிறுவனத்துப் பிள்ளையும் வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாமான்களை வேறு ஊருக்கு எழுதிக்கொண்டு போனாள்.

விழாவுக்கு முதல்நாள் போறணைக்கு முன்னால் ஒரு பலகை நட்டார்கள். தடித்த இரும்புத் தகடு. பச்சைப் பெயின்ற் அடித்து வெள்ளையில் எழுதியிருந்தது: ‘மாவட்டத்தின் மிகப் பெரிய புகைமூலம் இவ்விடத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது. கருவேலங்குடாப் பிரதேச சபை.’ கீழே மூன்று இலை.

விழாவில் மரியதாசுக்கு இலைப் படம் போட்ட சேட்டு ஒன்று போட்டுவிட்டார்கள். தவிசாளர் பேசினார். வந்த அம்மா மெலிந்த, கனிவான முகமுள்ள மனுஷி. வெயிலில் சிவந்துபோய் நின்றா. அவ மரியதாசின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டா. பார்த்தீபன் தமிழில் சொன்னான்.

“போறணையை மூடுறதெண்டு முடிவெடுத்தது ஆர் எண்டு கேட்கிறா.”

மரியதாஸ் நிலத்தைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை.

“என்ர அண்ணன். எல்லாரும் உழவு மெசினில ஏறீட்டம். அண்டைக்கு மா பிசைஞ்சு, நெருப்பும் போட்டாச்சு. நெருப்பைத் திறந்து போட்டிட்டு வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாதெண்டு சொல்லி அவன் இறங்கித் திரும்பிப் போனான். கதவைச் சாத்தினவன். நான் பார்த்தனான். சாத்திப்போட்டுத் திரும்பேக்கதான் ஷெல் விழுந்தது.”

பார்த்தீபன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினான். தவிசாளர் அவனைப் பார்த்தார். அவன் ஆங்கிலத்தில், இது குடும்பமாக எடுத்த முடிவு, மூத்த சகோதரர் தலைமை தாங்கினார் என்று சொன்னான். சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கண் கலங்கியது. மரியதாசின் கையைப் பிடித்துக்கொண்டா. அந்தச் சகோதரரை மாநாட்டுக்கு அழைக்க முடியுமா என்று கேட்டா.

“அவர் இப்ப இஞ்ச இல்லை” என்றார் தவிசாளர். அன்றைக்கு மேடையில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

பிறகு எல்லோருக்கும் பணிஸ் கொடுத்தார்கள். பட்டணத்துப் பணிஸ். அந்த அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தா.

விருந்தாளிகள் போன பிறகு ஜெனிற்றா பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றாள். விரலால் தட்டிப் பார்த்தாள். சீலைத் தலைப்பால் அகலம் அளந்தாள். பிறகு போய்ப் போறணையின் வாயை அளந்தாள்.

“இஞ்சேருங்கோ” என்றாள். “மூடின போறணைக்கு ஆர் உரிமம் கேட்கப் போகினம்?”

அவன் அவளைப் பார்த்தான். கிழமைக் கணக்கில் வராத சிரிப்பு ஒன்று அவனுக்கு வந்தது.

பலகையைக் கிண்டி எடுத்தார்கள். எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி வைத்தபோது அதற்கென்றே அடித்த கதவு போலப் பொருந்தியது. முதல்நாள் பாண் வைக்கவில்லை. பெயின்ற் உரியட்டும் என்று வெறும் போறணையை மூட்டினார்கள். பாணில சபை மணக்கக் கூடாது என்றாள் ஜெனிற்றா. இலைகள் முதலில் உரிந்தன. பிறகு ‘நிரந்தரமாக’. சபையின் பெயர்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியால் சுரண்டவேண்டி வந்தது.

நிவாரணத்துக்கு வந்த எண்ணெய் ரின்களை வெட்டி அச்சாக்கினார்கள். திருவிழாவுக்கு முன்னர் ஒரு காலையில் முதல் ஈடு உள்ளே போனது. கதவைச் சாத்தும் நேரம் வந்தபோது மரியதாசுக்குக் கை எழவில்லை. தகட்டைப் பிடித்தபடி நின்றான். ஜெனிற்றா அதை அவன் கையிலிருந்து வாங்கித் தானே சாத்தினாள்.

பாலைமர விறகின் புகை பனைக்கு மேலால் எழுந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு பார்த்தீபன் சைக்கிளில் வந்தான். புகையைப் பார்த்தான். பலகை நின்ற குழியைப் பார்த்தான். கதவையும் பார்த்தான்.

“அண்ணை, இது மூடின போறணைதானே?”

“ஓம் தம்பி. நீங்கள்தானே எழுதினனீங்கள்.”

பார்த்தீபன் தாளை எடுத்து ‘புகை: இல்லை’ என்று எழுதினான். ஜெனிற்றா அவனுக்கு ஒரு றாத்தல் பாணை நீட்டினாள். சூடு தாங்காமல் அந்தத் தாளாலேயே பாணைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். கொஞ்சத் தூரம் போய் நின்று, அங்கேயே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். அந்த வாரத்திலிருந்து சபை அமர்வுகளுக்குப் பணிஸ் இலுப்பைமோட்டையிலிருந்துதான் போனது. எங்கே வாங்கியது என்று பற்றுச்சீட்டில் எழுத முடியாததால், அது வானத்திலிருந்து வந்ததாகவே சபை எடுத்துக்கொண்டது.

அடுத்த ஈடு மடுவுக்கு. லோறன்சின் பேரில் ஒரு சாக்கு. அச்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிய பிறகு ஜெனிற்றா கதவுக்குக் கை நீட்டினாள். வேண்டாம், நான் சாத்துறன் என்றான் மரியதாஸ். தகட்டைத் தூக்கிப் போறணையின் வாயில் வைத்து, இடைவெளி இல்லாமல் அழுத்திச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பவில்லை. பாண் வேகுமட்டும் அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.